ஆயிரத்து நூற்றுப் பதினேழாம் கம்பம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. பேரீச்சம்பழ டப்பாவோடு ஒரு துணிப்பையில் வீடு தேடி வந்தது.

நாசிரியாவிலிருந்து ஷேர் காரில் வந்த அன்வார் பையை என் மேசையில் வைத்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போனாள். பைக்குள் நீல அட்டை போட்ட பள்ளிக்கூட நோட்டு ஒன்று இருந்தது. ஒவ்வொரு வரியிலும் ஓர் எண், ஒரு பெயர், அந்தப் பெயருக்கு உரியவரின் தாயின் பெயர். மொத்தம் 1452 வரிகள். நஜஃபிலிருந்து கர்பலாவுக்குப் போகும் சாலையில் அத்தனை கம்பங்கள் நிற்கின்றன. கர்பலாவில் இமாம் கொல்லப்பட்டதன் நாற்பதாம் நாள் நினைவுக்கு நடந்து போகிறவர்கள் அவற்றை எண்ணித்தான் தூரம் சொல்வார்கள்.

1117ஆம் வரியில் எண் மட்டும் இருந்தது. பெயர் இல்லை.

அந்தக் காலி வரியைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். நல்ல எழுத்தாளர்கள் இதைவிடப் பெரிய விஷயங்களைப் பார்த்து உட்காருவார்கள். எனக்கு வாய்த்தது இதுதான்.

2

தொடக்கம் எழுதுவதில் எனக்கு என்றைக்குமே தகராறு.

வரைவு ஒன்று: "ஆகஸ்ட் வெயிலில் கறுப்பு அபாயா அணிந்த ஒரு தாய் தனியாக நடந்து போய்க்கொண்டிருந்தாள்." (இது காலண்டர் படம். தவிர, அந்தச் சாலையில் யாரும் தனியாக நடக்க முடியாது. லட்சக்கணக்கில் கூட்டம்.)

வரைவு இரண்டு: "ரஸ்மியா தன் வாழ்நாளில் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. ஒரே ஒருமுறை தன் புருஷனிடம்—" (இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

வரைவு மூன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் தொடங்குகிறது. இதை வைத்துக்கொள்கிறேன்.

ரஸ்மியாவுக்கு வயது ஐம்பத்து நான்கு. நாசிரியாவில் ஒரு சுகாதார நிலையத்தில் முப்பது வருஷமாகத் தடுப்பூசி போடுகிற நர்ஸ். கணவன் ஃபாலிஹ் இறந்து எட்டு வருஷமாகிறது. ஒரே மகள் அன்வார், இருபத்து நான்கு வயது. போன குளிர்காலத்தில் அன்வாரின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. சோதனைக்கு அனுப்பிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த காலையில், வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து ரஸ்மியா நேர்ச்சை செய்தாள். கட்டி தீங்கில்லாதது என்று வந்தால் நஜஃபிலிருந்து கர்பலாவுக்கு நடப்பேன். ஒவ்வொரு கம்பத்தையும் ஒருவர் பெயருக்குக் கொடுப்பேன். ஒரு பெயர் இருமுறை வராது. ஒரு கம்பமும் விடுபடாது. மற்றவர்கள் ஓர் ஆடு நேர்ந்துகொள்வார்கள், அல்லது ஓர் அண்டா சோறு.

கட்டி தீங்கில்லாதது என்றுதான் வந்தது. அன்று மாலை வீட்டில் நடந்த பேச்சை அன்வார் எனக்கு அப்படியே சொன்னாள்.

"யம்மா, அந்த ரோட்டுல எத்தனை கம்பம்னு தெரியுமா?"

"எத்தனை இருந்தா என்ன? ஈராக்குல பேருக்கா பஞ்சம்?"

"ஆயிரத்து நானூத்தி அம்பத்திரண்டு."

ரஸ்மியா கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைத்தாளாம். "சரி. வாய விட்டாச்சு. திரும்ப உள்ள போடவா முடியும்?"

ஆழம் தெரியாமல் காலை விடுகிறவர்கள் உண்டு. இவள் வாயை விட்டாள்.*

(* தாய் பெயர் எதற்கு என்று யாராவது கேட்கலாம். துஆவில், அதாவது பிரார்த்தனையில், ஒருவரை நினைத்தால் தாயின் பெயரோடுதான் சொல்வோம். தகப்பன் பெயர் அரசாங்க ஆபீசுக்கு. தாய் பெயர் சேராத பெயரை ரஸ்மியா 'அரைப்பேர்' என்பாள். அரைப்பெயரை அவள் எழுதுவதில்லை.)

3

நோட்டைப் படிக்கிறேன். முதல் கம்பம் ஃபாலிஹுக்கு. இரண்டாவது அன்வாருக்கு. 211 வரை சொந்தபந்தம், அக்கம்பக்கம், செத்தவர்கள், பிறக்கப்போகிறவர்கள். 212இலிருந்து அவள் ஊசி போட்ட பிள்ளைகள். முகம் மறந்தாலும் அவளுக்குக் கை மறக்காது போல. சில பெயர்களுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் குறிப்பு உண்டு. "கடித்தவன்." "ஊசி போட்டதற்கு நன்றி சொன்னவள்."

முதல் கம்பத்துக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. பதினைந்து வருஷத்துக்கு முன் ஃபாலிஹ் இரண்டாவதாக ஒருத்தியைக் கட்டினான். ரஸ்மியாவுக்குத் தெரியாமல் நிக்காஹ் நடந்தது. ஸமாவாவில் தனி வீடு. விஷயம் வெளியே வந்த பிறகு அவள் சண்டை போடவில்லை, தாய் வீட்டுக்குப் போகவில்லை. அந்தச் சக்களத்தியின் பெயரை மட்டும் அன்றிலிருந்து வாயில் எடுக்கவில்லை. 'அது' என்பாள். கொஞ்சம் நல்ல மனநிலையில் இருந்தால் 'ஸமாவாவுல இருக்குறது'.

வாசகரே, மூன்று பகுதிவரை உங்களிடம் மறைத்தது போதும். அது நான்தான்.

இனி நான் ரஸ்மியாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதினால் காக்காய் பிடிக்கிறேன் என்பீர்கள். குறை சொன்னால் சக்களத்திப் பொறாமை என்பீர்கள். இரண்டுமே நியாயம். நான் பெண்கள் பள்ளியில் மொழிப்பாடம் நடத்துகிறவள், உள்ளூர் வாரப் பத்திரிகையில் கதை எழுதுகிறவள். எனக்குப் பிள்ளை இல்லை. ஃபாலிஹ் இறந்தபோது நாசிரியாவில் துக்க வீட்டுக்குப் போய்ப் பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ரஸ்மியா தன் கையாலேயே எல்லாருக்கும் காப்பி கொடுத்துக்கொண்டு வந்தாள். தட்டு என்னைத் தாண்டிப் போனது. அப்போது பதினாறு வயதாக இருந்த அன்வார்தான் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். அன்றிலிருந்து தாய்க்குத் தெரியாமல் எனக்கு ஃபோன் செய்வாள். கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுத்தேன். அவள் என்னைச் சித்தி என்பாள்.

ஆக, அந்தக் காலி வரியில் எனக்கு என்ன அக்கறை என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். ரஸ்மியா என் பெயரைச் சொன்னாளா இல்லையா? எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அழகாகச் சுற்றிவளைத்துக் கேட்கத் தெரிந்திருந்தால் இதை இலக்கியம் என்று சொல்லியிருப்பேன்.

4

562ஆம் கம்பத்தில் ஊசிப் பிள்ளைகள் தீர்ந்துபோனார்கள். இரண்டாம் நாள், காலை பத்து மணி வெயில். அன்வாரும் கூட நடந்தாள். 563ஆம் கம்பத்தடியில் ரஸ்மியா நின்றுவிட்டாள். கம்பத்துக்கு அந்தப் பக்கம் மூன்று போக்குவரத்துப் போலீஸ்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பெரிய மீசைக்காரரிடம் போனாள்.

"உன் பேரென்ன மகனே?"

"ஹைலான், ஹஜ்ஜியா." வயதில் மூத்த பெண்களை எங்கள் பக்கத்தில் ஹஜ்ஜியா என்றுதான் கூப்பிடுவோம்.

"தாய் பேரு?"

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். நாலு ஆண்கள் நடுவில் தாய் பெயரைச் சொல்கிற ஆண் எங்கள் பக்கத்தில் கிடையாது. பள்ளிக்கூடப் பையன்கள் அதற்காகவே மண்டையை உடைத்துக்கொள்வார்கள்.

"தகப்பன் பேர் சொல்றேனே ஹஜ்ஜியா. எங்க பக்கத்துல பெரிய ஆளு."

"தகப்பன் பேர வச்சு நான் என்ன பண்றது, ஓட்டா போடப்போறேன்? தாய் பேரச் சொல்லு. உனக்கு ஒரு கம்பம் தரேன்."

மீசைக்காரர் குனிந்து அவள் காதருகே வாயைக் கையால் மறைத்துக்கொண்டு முணுமுணுத்தார்.

"என்னது, ஷம்ஸாவா?" ரஸ்மியாவுக்கு ஒரு காது மந்தம். அவள் பேச்சு மைக் வைத்த மாதிரிதான் வரும்.

ஹைலானின் முகம் சிவந்தது. மற்ற இருவரும் சிரித்தார்கள். பிறகு ஒருவர் டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்து வந்தார். "எங்கம்மா பேரு தஸ்வாஹின். போன வருஷம் தவறிட்டாங்க. எனக்கு வேணாம், அவங்களுக்கே ஒரு கம்பம் குடுங்க."

"அவங்க தாய் பேரு?"

அவர் யோசித்தார். யோசித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக்கு ஃபோன் போட்டுக் கேட்டுச் சொன்னார்.

இப்படித்தான் ஆரம்பித்தது. சாலையெங்கும் சோறு கொடுக்கும் கூடாரங்கள். கூடாரக்காரர்கள் நடப்பவர்களை வழிமறித்துச் சாப்பிடச் சொல்லிக் கெஞ்சுவார்கள், கோபித்துக்கொள்ளவும் செய்வார்கள். 640ஆம் கம்பத்தருகே ஒருவர் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"ஹஜ்ஜியா, கீமா சாப்பிடாம இந்த எடத்த தாண்டணும்னா என்மேல ஏறித்தான் போகணும்."

"சாப்பிடறேன். உங்க கூடாரத்துல மொத்தம் எத்தனை பேரு?"

"சமையக்காரங்களோட சேத்து நாப்பத்தொண்ணு."

"அப்ப வரிசையில நில்லுங்க."

நோட்டில் 641இலிருந்து 681 வரை அந்தக் கூடாரம்தான். பக்கத்தில் குறிப்பு: "கொண்டைக்கடலை சரியாக வேகவில்லை. மனம் வெந்திருந்தது."

(அந்தக் கடைசி வாக்கியம் நான் சேர்த்தது. அவள் எழுதியது "கொண்டைக்கடலை சரியாக வேகவில்லை" மட்டும்தான். மன்னிக்கவும், பழக்கதோஷம்.)

அன்று மாலை ஒரு கூடாரத்தின் பெண்கள் பக்கத்தில் சின்னப் பெண் ஒருத்தி அவள் காலைக் கழுவிப் பிடித்துவிட வந்தாள். ரஸ்மியா காலை இழுத்துக்கொண்டாள். "என்னைத் தொடாத கண்ணு. எனக்குப் பழக்கமில்ல." அந்தப் பெண் விடவில்லை. "நான் காலையில இருந்து ஒருத்தர் கால கூடப் பிடிக்கல பெரியம்மா. வர்றவங்க எல்லாம் அவகிட்டயே போயிடறாங்க" என்று தோழியைக் காட்டி அழுகிற மாதிரி நின்றாள். முப்பது வருஷம் அடுத்தவர் கையைப் பிடித்து ஊசி போட்டவள், முதல்முறையாகத் தன் காலை ஒருவர் மடியில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனாள் என்று அன்வார் சொன்னாள்.

5

இங்கே ஒரு சந்தேகம். மூன்று நாளில் ஒருத்தி மாறுவாளா? நடந்தால் மனம் விரியும் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்து நடந்தால் விரிவது செருப்புதான். கர்பலாவுக்கு வருஷா வருஷம் நடந்துபோய் வந்து, வந்த மறுநாளே தம்பியோடு வேலித் தகராறு பண்ணுகிறவர்களை என் தெருவிலேயே காட்டுவேன்.

ஆனால் நோட்டு பொய் சொல்லாது. 900ஐத் தாண்டியதும் பெயர்கள் மாறுகின்றன. 912: தண்ணீர்க் குழாயைத் தன் பக்கம் திருப்பிக்கொண்ட அண்டை வீட்டுக்காரி. 958: அன்வாரின் சோதனை முடிவை மூன்று நாள் தாமதப்படுத்திய மருத்துவர். (அவருடைய தாய் பெயரை எப்படிப் பிடித்தாள் என்பது எனக்குப் புரியவில்லை. யாரையோ விட்டு ஆஸ்பத்திரியிலேயே விசாரிக்கச் சொல்லியிருக்கிறாள்.) 1004: அவளுடைய பதவி உயர்வை வாங்கிக்கொண்டவள். சாலையில் பெயருக்குப் பஞ்சமில்லை, கேட்டால் சொல்ல லட்சம் பேர் இருந்தார்கள். இவர்களைச் சேர்க்க வேண்டிய கட்டாயமே அவளுக்கு இல்லை.

அன்வாரும் இதைக் கேட்டிருக்கிறாள். ரஸ்மியா சொன்ன பதில்: "யாரு எவருன்னே தெரியாதவனுக்குக் குடுத்துட்டேன். தெரிஞ்சவளுக்கு இல்லேன்னா அது என்ன நியாயம்?"

1116ஆம் வரியில் இருக்கும் பெயர் நஜாத். என்னையும் ஃபாலிஹையும் பேசி முடித்துவைத்த தரகுக்காரி.

அதற்கு அடுத்த வரி காலி. 1118இல் கூத் நகரத்துக் கைக்குழந்தை ஒன்று.

பார்த்தீர்களா, என் வீட்டு வாசல்வரை வந்திருக்கிறாள். வந்து நின்று, பிறகு—

6

பிறகு என்ன என்பதற்கு மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ. 1117ஆம் கம்பத்தைக் கட்டிக்கொண்டு ரஸ்மியா அழுகிறாள். என் பெயரைச் சத்தமாகச் சொல்கிறாள். (நாலு பக்கம். எழுதிவிட்டு நானே அழுதேன். மறுநாள் காலையில் படித்தபோது வெட்கமாக இருந்தது. ரஸ்மியா எதையும் கட்டிப்பிடிக்கிறவள் இல்லை.)

ஆ. அவள் கம்பத்தைத் தாண்டிப் போகிறாள். நேர்ச்சை முறிகிறது. வீட்டுக்கு வந்ததும் அன்வாரின் கழுத்தில்— (இல்லை. இதை எழுதிய கையை என்ன செய்வது? பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.)

இ. கம்பத்தடியில் நின்று எனக்கு ஃபோன் செய்கிறாள். நான் எடுக்கிறேன். அவள் சொல்கிறாள், "நான் உன்னை—"

மூன்றாவது முடிவில் பத்து நாளாகச் சிக்கிக்கொண்டிருந்தேன். பதினோராம் நாள்தான் முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். அன்வாருக்கு ஃபோன் போட்டுக் கேட்டேன்.

"அந்தக் கம்பத்துல என்ன நடந்தது?"

"நின்னாங்க சித்தி. ரொம்ப நேரம் நின்னாங்க. ஆளுங்க எல்லாம் சுத்திப் போயிட்டே இருந்தாங்க. அப்புறம் என்கிட்ட கேட்டாங்க, அதோட தாய் பேரு என்னன்னு."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"நீ என்ன சொன்ன?"

"எனக்கு எப்படித் தெரியும்னேன். உடனே திட்டினாங்க. 'எட்டு வருஷமா அதோட ஃபோன்ல கொஞ்சிக்கிட்டு இருக்க, தாய் பேர் கூடவா கேட்டு வச்சுக்கல?'ன்னு."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"ஆரம்பத்துல இருந்தே தெரியுமாம். என் கட்டுரை மார்க்கு ஏறினப்பவே புரிஞ்சிருச்சாம். நம்ம வீட்டுல யாருக்கு எழுத வரும்னாங்க."

எனக்கு வேண்டியதைக் கேட்டேன். "என் பேரச் சொன்னாங்களா, 'அது'ன்னாங்களா?"

அன்வார் பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அந்த அளவுக்கு நல்ல மனசு உண்டு.

"அதுன்னுதான் சொன்னாங்க சித்தி."

"சரி."

"ஆனா அரைப்பேர் எழுத மாட்டேன், எடம் விட்டு வைக்கிறேன்னாங்க. நிய்யத் வச்சாச்சு, மனசுல நினைச்சாச்சு, பேர அப்புறம் எழுதிக்கலாம்னாங்க. ஊருக்கு வந்து ஒரு வாரம் நோட்ட தலைமாட்டுலயே வச்சிருந்தாங்க. அப்புறம் அவங்கதான் என்கிட்ட குடுத்து அனுப்பினாங்க. தாய் பேர ஆள் மூலமா கேக்கக் கூடாது, அதையே ஃபோன் பண்ணச் சொல்லுன்னாங்க."

"இத வந்த அன்னிக்கே சொல்லியிருக்கலாமேடி."

"சொல்லத்தான் வந்தேன். நீங்க நோட்டப் பாத்ததுமே பேனாவ எடுத்துட்டீங்களே சித்தி. அப்புறம் நான் என்ன பேசினாலும் உம் உம்னுதான் சொன்னீங்க."

7

பதினோரு நாள். ஒருத்தியின் நேர்ச்சை ஒரே ஒரு பெயருக்காக அந்தரத்தில் நின்றது. நான் இங்கே தொடக்கம் சரியில்லை, முடிவு சரியில்லை என்று மேசையில் உட்கார்ந்திருந்தேன்.

வரைவுகளை எடுத்து மறுபடி படித்தேன். எல்லாவற்றிலும் நடப்பவள் ரஸ்மியாதான். அழுபவள் அவள், ஃபோன் செய்பவள் அவள், மாறுபவள் அவள். நான் ஸமாவாவில் உட்கார்ந்து காத்திருக்கிறேன். கால் கொப்புளமும் அவளுக்கே, மன்னிக்கிற வேலையும் அவளுக்கே என்று எழுதிவைத்திருக்கிறேன். இதற்கு மூன்று முடிவு வேறு.

(தாய் பெயர் தெரியவில்லை என்பது ஒரு சாக்காக இருக்குமோ? மருத்துவரின் தாய் பெயரையே தேடிப் பிடித்தவளுக்கு என் தாய் பெயர் கிடைக்காதா? நஜாத்திடம் கேட்டிருந்தால் அவளே சொல்லியிருப்பாள். சாக்காகத்தான் இருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். என்னிடமிருந்து ஒரு ஃபோன் வர வேண்டும் என்பதற்கு அவள் கண்டுபிடித்த சாக்கு. கதை எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.)

இரண்டாம் வரைவில் பாதியில் விட்ட வாக்கியம் ஒன்று இருக்கிறதே, அதை முடித்துவிடுகிறேன். ரஸ்மியா தன் வாழ்நாளில் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. ஒரே ஒருமுறை தன் புருஷனிடம், "அதுக்குத் தெரியுமா, நான் இருக்கேன்னு?" என்று கேட்டாள். ஃபாலிஹ் அன்றிரவே வந்து என்னிடம் சொன்னான். தெரியாது என்று சொல்லச் சொன்னேன். அவன் அப்படியே போய்ச் சொன்னான்.

எனக்குத் தெரியும். நிக்காஹுக்கு ஒரு மாதம் முன்பே தெரியும்.

8

நோட்டை அவளுக்கே திருப்பி அனுப்பிவிட்டு ஃபோன் செய்தேன். வெள்ளிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. நாலாவது மணியில் எடுத்தாள்.

"யாரு?"

எட்டு வருஷமாக இந்தக் குரலை அன்வாரின் பேச்சுக்குப் பின்னால், வேறொரு அறையிலிருந்துதான் கேட்டிருக்கிறேன். ஃபோனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"யாருங்க பேசறது?"

அவள் ஃபோனை வைக்கவில்லை. பாத்திரங்களை ஒதுக்கிவைக்கிற சத்தம் கேட்டது. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பேரச் சொன்னாத்தானே நான் எழுதுவேன்" என்றாள்.

என் பெயரை இந்தக் கதையில் நான் எங்கும் எழுதவில்லை. பத்திரிகைக்காரர்களிடமும் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஃபோனில் அதை அவளிடம் சொன்னேன். பிறகு என் தாயின் பெயரைச் சொன்னேன். என் தாய் அந்த நிக்காஹுக்குப் பிறகு தனக்கு இரண்டு பெண்கள்தான் என்று ஊரில் சொல்லிக்கொண்டவள். நாங்கள் மூன்று பேர். பெயரைச் சொல்லி முடித்த பிறகும் நான் ஃபோனை வைக்கவில்லை. ஃபாலிஹ் மூலமாக ஒருமுறை பொய் சொல்லி அனுப்பினேன் அல்லவா, அதற்கான உண்மையை நானே சொன்னேன்.

அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு பேசினாள்.

என்ன சொன்னாள் என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ அதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மன்னித்தாள் என்றாலும் சரி, ஃபோனை வைத்தாள் என்றாலும் சரி, நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் அதை எழுதவும் மாட்டேன். அவளுடையதை அவளிடம் கேட்காமல் எடுத்துக்கொண்டது ஒருமுறை போதும்.